இலட்சத்து எட்டும் மீதி ஒன்றும்

ஒரு இலட்சத்து எட்டு என்ற எண்ணைப் பற்றி இனிமேல் யாராவது என்னிடம் கதை எடுத்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தே என் தலைமயிர் நரைத்தது. எண்களோடு எனக்கு ஒருநாளும் சண்டை வந்ததில்லை. ஆனால் ஒரு எண்ணைக் கோயில் சபையின் கையில் கொடுத்தால் அது என்ன பாடுபடும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

லிங்கநகரில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில்தான். அதன் தலைவர் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல்களை விட்டுவிட்டுக் கோயிலைப் பிடித்துக்கொண்டார். அவர் கூட்டம் வைத்தால் பிளாஸ்டிக் கதிரைகள்கூட வரிசை பிசகாமல் நிற்கவேண்டும். ஆவணிச் சதுர்த்திக்கு முந்திய கூட்டத்தில் அவர் எழும்பி, இந்த முறை ஊர் நன்மைக்காக ஒரு இலட்சம் போற்றி சொல்லப்போகிறோம் என்று அறிவித்தார்.

எங்கள் கோயிலில் போற்றி சொல்வது இப்படித்தான்: ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து "முழுமுதற் பொருளே போற்றி" என்று ஒரு வரி சொல்லுவார், இருக்கிற சனம் எல்லாம் "போற்றி" என்று திருப்பிச் சொல்லும். இப்படி நூற்றெட்டு வரி சொன்னால் ஒரு சுற்று. சுற்றை இடையில் நிறுத்தக் கூடாது.

நான் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம். குடிக்கவில்லை.

"இலட்சம் சரியா வராது," என்றேன். "நூற்றெட்டால இலட்சம் வகுபடாது. 925 சுற்றுச் சொன்னால் 99,900. மிச்சம் நூறு. கடைசிச் சுற்றில எட்டு வரியை விட்டிட்டு எழும்ப வேணும்."

தலைவருக்கு முகம் கறுத்துப்போனது. "பிள்ளையாருக்கு எட்டு வரியைக் கடன் வைக்கிறதோ? அது ஏலாது ரீச்சர்."

"அப்ப 926 சுற்றுச் சொல்லுங்கோ. ஒரு இலட்சத்து எட்டு வரும்."

கூட்டம் அப்படியே மலர்ந்துவிட்டது. நூற்றெட்டு, ஆயிரத்தெட்டு, இலட்சத்தெட்டு! தலைவர் கை தட்டினார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் புழுகமும்தான், மறைக்கவில்லை. ஏனென்றால் அந்த எண்ணில் அவர்கள் காணாத ஒரு அழகை நான் கண்டிருந்தேன். ஆயிரத்தெட்டை நூற்றெட்டால் வகுத்தால் 36 மிஞ்சும். பத்தாயிரத்தெட்டை வகுத்தால் 72 மிஞ்சும். இலட்சத்தெட்டுக்கு வரும்போது மீதி இன்னொரு 36 கூடி, முழுசாக நூற்றெட்டாகி, ஒன்றுமில்லாமல் போய்விடும். பெயருக்குப் பின்னால் எட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற இந்த மூன்றிலும் இலட்சத்தெட்டு ஒன்றுதான் நூற்றெட்டுக்குச் சரியாக அடங்கும். இதை நான் ஆசையோடு விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. தலைவரின் மனைவி விரலை மடித்துப் பார்த்து, "இலக்கத்தைக் கூட்டினால் ஒன்பது வருது!" என்று சொன்னதுதான் எல்லோருக்கும் ஞாபகம் நின்றது.

அடுத்த நாளே சந்தியில் பெரிய பனர் ஏறிவிட்டது. பிள்ளையார் படத்துக்குக் கீழே ஆள் உயரத்துக்கு 1,00,008. இனி அந்த எண்ணை ஒருவரும் அசைக்க ஏலாது.

அதற்குப் பிறகுதான் பங்கு பிரிக்கத் தொடங்கினார்கள். எங்கள் கோயிலில் எந்தக் காரியத்துக்கும் பங்கு சமமாக இருக்கவேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் அடுத்த சதுர்த்தி வரைக்கும் அதே கதைதான். சபையில் இருபத்து மூன்று வீடு. வீட்டுக்கு நாற்பது சுற்றுப் போட்டால் 920. மிச்சம் ஆறு.

இந்த ஆறு சுற்றுக்காக நடந்த சண்டையை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஆறு வீடு நாற்பத்தொன்று சொன்னால் மற்றப் பதினேழு வீடும் என்ன குறைந்த ஆட்களோ என்று ஒருவர். கூடச் சொல்கிற ஆறு வீட்டுக்கும் தொண்டை என்ன இரும்பாலே செய்ததோ என்று இன்னொருவர். அந்த ஆறையும் எல்லோரும் ஒன்றாக இருந்து சொல்லுவோம் என்று ஒருவர் நல்ல மனதோடு சொன்னார். உடனே தலைவரின் மனைவி கேட்டார்:

"இருபத்து மூண்டு வீடும் ஒண்டாச் சொன்னால் அது ஒரு சுற்றோ, இருபத்து மூண்டு சுற்றோ?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இருபத்து மூன்று என்றால் கணக்கு இலட்சத்தெட்டைத் தாண்டிவிடும், பனர் பொய்யாகிவிடும். ஒன்று என்றால் இருபத்திரண்டு வீட்டின் வாய் வீண். ஐயரைக் கேட்டார்கள். அவர், "உதை நீங்கள் பிள்ளையாரிட்டைத்தான் கேக்க வேணும்," என்று சொல்லிவிட்டு விளக்குத் துடைக்கப் போய்விட்டார். புத்திசாலி.

கடைசியில் எல்லோருடைய கண்ணும் என்னில் வந்து நின்றது. எண்ணைத் தந்தது நான்தானே.

நான் சுண்ணக்கட்டி கேட்டு வாங்கி, மண்டபச் சீமெந்து நிலத்தில் எழுதிக் காட்டினேன். 926 என்பது இரண்டு தரம் 463. அந்த 463 ஒரு முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. ஏழால் வராது, பதினொன்றால் வராது, பதின்மூன்றால் வராது, பதினேழால் வராது, பத்தொன்பதாலும் வராது. ஆகவே சுற்றுகளைச் சமமாகப் பிரிக்கவேண்டும் என்றால் ஒன்றில் இரண்டு வீடு வேண்டும், இல்லையென்றால் 463 வீடு வேண்டும்.

தலைவர் குனிந்து அந்த 463ஐக் கனநேரம் பார்த்தார். பிறகு அரசாங்கக் கந்தோரில் தெரிந்த ஆளிடம் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தி, "ரீச்சர், உந்த நானூற்று அறுபத்து மூண்டைக் கொஞ்சம் பாத்துச் செய்யேலாதோ?" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "தலைவர், அது நான் செய்த எண் இல்லை," என்றேன்.

"நீங்கள்தானே தந்தனீங்கள்?"

வீட்டுக்கு வந்து கோபத்தில் ஒரு கடதாசி நிறைய வகுத்தேன். இருபத்திரண்டு வீடு என்றால் மீதி இரண்டு. இருபத்து நான்கு என்றால் மீதி பதினான்கு. இருபத்தைந்து வீடு என்றால் வீட்டுக்கு முப்பத்தேழு, மீதி ஒன்று. ஒன்றே ஒன்று! அந்த ஒரு சுற்றை முடிவுச் சுற்றாக யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். ஆக, இன்னும் இரண்டு வீடு வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னவுடன் தேடல் தொடங்கியது. சம்பூரில் இருந்து வந்து மூலைவீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பம் கேட்டவுடன் சம்மதித்தது. அது இருபத்து நான்கு. இருபத்தைந்தாவது வீட்டுக்கு ஒழுங்கையை மேலும் கீழும் அலசினார்கள். பூட்டிக் கிடக்கிற வீடு, வெளிநாட்டில் இருக்கிற வீடு, கிண்ணியாவில் இருந்து வந்த முஸ்லிம் வீடு. கடைசியில் தலைவர், "மாதா கோயிலுக்குப் போற வேதக்கார வீட்டைக் கேட்டுப் பாத்தால் என்ன? நல்ல சனம்," என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போனது. ஏனென்றால் இந்தக் கதை நடந்துகொண்டிருந்த அதே மண்டபத்தில், மணித்தூணுக்குப் பின்னால், என் அக்கா நின்றுகொண்டிருந்தா.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் கோயிலில் போற்றி சொல்வதென்றால் ஒரு காலத்தில் அக்காதான். ஒலிவாங்கி இல்லாமலே தெருமுனை வரைக்கும் கேட்கும் குரல். அத்தான் நெஞ்சுவலியில் போன பிறகு அக்கா அந்தத் தூணுக்குப் பின்னால் போய் நின்றா. அங்கே போய் நில் என்று ஒருவரும் சொல்லவில்லை. முன்னுக்கு வா என்றும் ஒருவரும் சொல்லவில்லை. விபூதித் தட்டு வரும்போது அக்காவை விலத்திக்கொண்டு போகும். ஒலிவாங்கி தலைவரின் மனைவியின் கைக்குப் போனது. நான் கேட்கும் போதெல்லாம் அக்கா, "ஆரும் ஒண்டும் சொல்லேல்லையே, நீ ஏன் குதிக்கிறாய்?" என்று என்னைத்தான் அடக்குவா. ஊர்ச் சனத்தின் மேல் எனக்கு எரிச்சல் வரும், அதைவிட இரண்டு மடங்கு அக்காவின் மேல் வரும். கைம்பெண் என்றால் கடவுளுக்கு முன்னால் என்ன தீட்டு என்று வாய்விட்டுக் கேட்டால், எல்லோரும் நல்லவர்கள் மாதிரி நிலத்தைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எந்த நியாயமும் எடுபடாது.

"இருபத்தைஞ்சாவது வீடு இருக்கு," என்றேன். "எங்கட அக்கா. நான் ஒரு குடும்பம், அவ ஒரு குடும்பம். விதானையின்ர குடும்பப் பதிவிலயும் அப்பிடித்தான் கிடக்குது."

நாலைந்து தலை தூண் பக்கம் திரும்பியது.

"அவ சொல்லட்டும், நல்லது," என்றார் தலைவரின் மனைவி மெதுவாக. "பின்னுக்கு இருந்து சொல்லலாம்தானே."

"போற்றி சொல்லுற வீடு மூலஸ்தானத்துக்கு முன்னுக்குப் பாயில இருக்க வேணும், ஒலிவாங்கி கையில இருக்க வேணும் எண்டு போன கூட்டத்தில நீங்கள்தான் தீர்மானிச்சனீங்கள். எல்லாருக்கும் சமம் எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள். அக்காவை வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, நான் வேற வழி பாக்கிறன். 463 வீடு தேட வேணும்."

தலைவர் சீமெந்து நிலத்தைப் பார்த்தார். என் சுண்ணக்கட்டி எழுத்து அரைவாசி அழிந்தும் அங்கேயே கிடந்தது. நான் எத்தனையோ வருடமாகக் கத்தியும் அசையாத மனுசர், வகுபடாத ஒரு எண்ணுக்கு முன்னால் தலையைச் சொறிந்தார். "எண் அப்பிடி எண்டால் நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். பழியை 463இன் தலையில் போட்டுவிட்டு அவர் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார்.

வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குசினியில் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கூட்டம் முடிய முன்னமே வந்துவிட்டா. முகத்தைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது.

"உன்ர மீதியை அடைக்கிறதுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டுதாக்கும்," என்றா.

"அக்கா, அப்பிடி இல்லை."

"வேறை எப்பிடி? வேதக்கார வீட்டுக்குப் பிறகுதான் என்ர பேர் வந்தது. அதுவும் உன்ர வாயால."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்களோடு மல்லுக்கட்டி இடம் வாங்கிக்கொண்டு வந்தால் இங்கே இவ மீனோடு கதைக்கிறா. அக்காவுக்கு ரோசம் வருகிற நேரத்தில் வராது, வரக்கூடாத நேரத்தில்தான் வரும் என்று சொல்லியே விட்டேன். அவ கத்தியைக் கழுவி வைத்தா. பிறகு கேட்டா:

"எனக்கு எத்தினை சுற்று?"

"முப்பத்தேழு."

"மற்ற வீடுகளுக்கு?"

"எல்லாருக்கும் முப்பத்தேழு."

"தலைவர் வீட்டுக்கும்?"

"அவைக்கும்தான். கூடவும் ஏலாது, குறையவும் ஏலாது. எண் விடாது."

அக்கா மீன்சட்டியை அடுப்பில் வைத்தா. "அப்ப வாறன்," என்றா. "ஆனால் நீ பக்கத்தில வந்து குந்தாதை. உன்ர முப்பத்தேழை நீ சொல்லு. என்ரையை நான் சொல்லுறன்."

ஒரு நாள் மாலை முதல் வீட்டோடு போற்றி தொடங்கியது. அடுத்த நாளில் இருந்து காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு சட்டி வைத்து, ஒன்றில் 926 புளியங்கொட்டை எண்ணிப் போட்டிருந்தேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை அடுத்த சட்டிக்குப் போகும். அது சுற்றைத்தான் எண்ணும், வரியை எண்ணாது. எனக்கு அது போதுமென்று பட்டது.

முதல் நாளே சண்டை. கோதுமைக் கப்பல் ஒன்று உள்துறைமுகத்துக்குள் வரும்போது நீட்டி ஊதியது, நாலைந்து வரி ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த வரிகள் கணக்கில் சேருமா சேராதா? கப்பலைப் பற்றித் தலைவருக்கு யாரும் பாடம் எடுக்க ஏலாது. குழம்பின சுற்றை முதலில் இருந்து திரும்பச் சொல்லவேண்டும் என்று அவர் சட்டம் போட்டார். இன்னொரு நாள் கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்களில் ஒன்று வாசலுக்கு வந்து வாழைமரத் தோரணத்தைத் தின்றது. அதைத் துரத்த எழும்பின வீட்டுக்காரர் சுற்றைக் குழப்பிவிட்டாரா என்று அரை மணித்தியாலம் வழக்கு. தலைவர் வீட்டு முறை வந்தபோது அவருடைய மனைவி சொன்ன வேகத்தில் "போற்றி" மட்டும்தான் விளங்கியது. அதை ஒருவரும் வழக்காக எடுக்கவில்லை.

கடைசி நாள் மாலை அக்காவின் முறை. கடைசியில் சேர்ந்த வீடு என்றபடியால் கடைசி முறை. அக்கா வெள்ளைச் சேலையோடு தூணைத் தாண்டி முன்னுக்கு வந்து பாயில் இருந்தா. சனம் கொஞ்சம் விலகியது. ஒலிவாங்கியைக் கையில் எடுத்தா. முதல் சுற்றில் குரல் கரகரத்தது. கனகாலம் பூட்டிக் கிடந்த கதவைத் திறக்கிற மாதிரித்தான் இருந்தது. ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு அந்தப் பழைய குரல் வந்தது. சனம் தன்னை அறியாமல் உரத்துப் "போற்றி" சொன்னது. ஒழுங்கையில் போன முச்சக்கர வண்டி ஒன்று நின்று கேட்டுவிட்டுப் போனது. நான் ஒரு மூலையில் இருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

முப்பத்தேழாவது சுற்று முடிந்தது. முதல் சட்டியில் ஒரே ஒரு கொட்டை கிடந்தது.

அந்த மீதி ஒன்றை யார் சொல்வது என்று ஒருவரும் தீர்மானித்திருக்கவில்லை! இருபத்தைந்து வீட்டுக்குப் பங்கு பிரித்த சபை, அந்த ஒரு சுற்றுக்கு ஆள் வைக்க மறந்துபோனது. தலைவர் என்ற முறையில் தான் சொல்வதுதான் மரியாதை என்றார் தலைவர். குரல்வளம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார் அவருடைய மனைவி. இருவரும் ஒரே வீடு, அந்த வீட்டுக்கு முப்பத்தெட்டு வந்துவிடும் என்று பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள். சீட்டுக் குலுக்குவோம் என்றார்கள். ஐயர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "பூசைக்கு நேரமாகுது, ஒரு சுற்றுக்குத்தான் நேரம் கிடக்கு," என்றார். அதைக் கேட்டு இன்னும் உரத்துச் சண்டை பிடித்தார்கள். என் தலைக்குள் விண் விண் என்று இடித்தது.

"முழுமுதற் பொருளே போற்றி."

அக்காவின் குரல். ஒலிவாங்கி அவவின் கையில்தானே இருந்தது.

தலைவர் வாயைத் திறந்தார். குறுக்கிட்டால் சுற்றுக் குழம்பும், குழம்பினால் முதலில் இருந்து தொடங்கவேண்டும், தொடங்க நேரம் இல்லை. சந்தியில் பனர் தொங்குகிறது. சட்டம் அவர் போட்டது. திறந்த வாயால் அவர் "போற்றி" என்றார். அவருடைய மனைவியும் சொன்னார். எல்லோரும் சொன்னார்கள். நூற்றெட்டு வரியும் முடிந்தவுடன் அக்கா ஒலிவாங்கியை நிலத்தில் வைத்தா. நான் கடைசிக் கொட்டையை எடுத்துப் போட்டேன். மணி அடித்தது, சனம் கைகூப்பி எழும்பியது.

வெளியே வரும்போது தலைவர் என்னை மறித்தார். "கணக்குச் சரிதானே ரீச்சர்?"

"துல்லியம்," என்றேன். "ஒரு இலட்சத்து எட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை." அவ்வளவு நாளும் பட்ட எரிச்சலுக்கு அந்த ஒரு வசனத்தைச் சொன்னது எனக்கு இனித்தது.

ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்தோம். பாதித் தூரத்தில் அக்கா சொன்னா, "ஒண்டு கூடச் சொன்னனான்."

"என்னது?"

"நூற்றெட்டு முடிஞ்ச பிறகு. ஒலிவாங்கியை வைச்சிட்டு, மணி அடிக்கேக்கை. ஒருத்தருக்கும் கேட்டிராது."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். 1,00,009! இத்தனை கூட்டம், இத்தனை சண்டை, இத்தனை வகுத்தல், கடைசியில் ஒன்று கூட! சபைக்கு முன்னால் துல்லியம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "உங்களுக்கு விசரோ அக்கா?" என்று கத்தினேன். பழக்கதோசம், கத்திக்கொண்டே மனதுக்குள் வகுத்தும் பார்த்தேன். ஏழால் வகுபட்டது. திரும்பவும் ஏழால் வகுபட்டது. பதின்மூன்றாலும் வகுபட்டது. அந்த ஒன்றைக் கூட்டினவுடன் அந்தப் பிடிவாதக்கார எண் இப்படி இளகிப்போகும் என்று யார் கண்டது? அது இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

"எந்த வரியைத் திரும்பச் சொன்னனீங்கள்?"

"திரும்பச் சொல்லேல்லை. அந்த நூற்றெட்டும் உங்கட கணக்குக்குச் சொன்னது. இது அதில இல்லாத வரி. நான் கட்டினது."

"என்ன வரி?"

கேற்றடிக்கு வந்துவிட்டோம். அக்கா கொளுக்கியில் கையை வைத்தபடி, ஒலிவாங்கியில் சொன்ன அதே குரலில், ஆனால் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னா:

"தூணுக்குப் பின்னால் நின்றவளைக் கண்டாய் போற்றி."

ஒரு இலட்சத்து எட்டு வரிக்கும் சனம் மறுமொழி சொல்லியிருந்தது. அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அக்கா கேற்றைத் திறக்காமல் நின்றா.

"போற்றி," என்றேன்.